பழைய பொருளில் மிச்சமிருக்கும் குணம்

1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேயரில் கைதிகள் குடியேற்றத்தை நிறுவிய பிறகு அந்தமான் காடுகளுக்குள் போய்ச்சேர்ந்த புதிய பொருள்களில் ஒன்று, காலி பாட்டில். பெரிய அந்தமானியர் அதை உடைத்து, மெல்லிய சில்லுகளாகப் பெயர்த்து, தலைமுடி மழிக்கவும் உடம்பில் வடுக்கோலம் கீறவும் பயன்படுத்தினார்கள். 1880-களில் அவர்களைப் பற்றி விரிவாக எழுதிய எட்வர்ட் ஹொரேஸ் மேன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு முன்பு அந்த வேலையைப் படிகக்கல் சில்லுகள் செய்துவந்தன. கல்லை விட்டுக் கண்ணாடிக்கு மாறியது நாகரிக மோகம் அல்ல. கண்ணாடிக்குள் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளில் அமையாததால், குறிப்பிட்ட தளத்தில்தான் பிளக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. அடி விழுந்த இடத்திலிருந்து விரிசல் வளைந்தோடி வெளியேறும்போது, எந்த உலோகக் கத்தியோடும் போட்டியிடக்கூடிய கூர்மை கிடைக்கிறது. இரும்பின் கதையும் இப்படித்தான். கரை தட்டிய கப்பல்களிலிருந்து கிடைத்த இரும்பு, எலும்பும் கிளிஞ்சலும் செய்துவந்த அம்புமுனை, வாய்ச்சி வேலைகளை எடுத்துக்கொண்டது. 1981 ஆகஸ்டில் வடக்கு சென்டினல் தீவின் பவளப்பாறையில் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் சிக்கியது. அத்தகைய கப்பல்களின் இரும்பு சென்டினல் மக்களின் அம்புமுனைகளில் சேர்ந்திருக்கிறது என்பது மானிடவியலாளர் கருத்து. உலை இல்லாமல், குளிர்ந்த நிலையிலேயே அடித்து வளைக்கக் கப்பல் தகட்டின் மென்மையான இரும்பு இடம் கொடுக்கும். கண்ணாடியை இவர்கள் அடித்து வளைக்கப் பார்க்கவில்லை, இரும்பைச் சில்லாகப் பெயர்க்கப் பார்க்கவில்லை. அந்தந்தப் பொருளிடம் என்ன குணம் உண்டோ அதையே வேலை வாங்கினார்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய பொருள்களைக் கொண்டு குடும்பமாகச் சேர்ந்து ஏதாவது செய்யும் சிக்கன முயற்சிகளுக்கு இதைவிட நல்ல பாடம் இருக்க முடியாது. “இந்தக் காலி பாட்டிலை வைத்து என்ன செய்யலாம்?” என்றுதான் நாம் வழக்கமாகத் தொடங்குகிறோம். பூச்சாடி, பேனா செருகும் குவளை, சுவரில் தொங்கும் அலங்காரம் என்று கற்பனை ஓடுகிறது. சில வாரங்களில் அவையும் குப்பைக்குத்தான் போகின்றன. கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்கலாம். இந்தப் பொருளுக்கு முதலில் என்ன குணம் இருந்தது, அதில் எது தேய்ந்துபோனது, எது இன்னும் முழுதாக மிச்சமிருக்கிறது? மிச்சமிருக்கும் குணம் எந்த வேலைக்குப் பொருந்துகிறதோ அந்த வேலையில் பழைய பொருள் புதியதற்கு நிகராக நிற்கும். சில சமயம் புதியதை மிஞ்சவும் செய்யும். பொருந்தாத வேலையில் அது காசை மிச்சப்படுத்தாது, உடம்பையும் கெடுக்கும். இதைச் சோதித்துப் பார்க்க அந்தமான் நிக்கோபார் பொருத்தமான இடம். சென்னையிலிருந்து கடல்வழி சுமார் 1,200 கி.மீ. தொலைவில், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணத்தில் இருக்கும் தீவுகள் இவை. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3.8 லட்சம் மக்கள், அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தொழிற்சாலையில் செய்த எந்தப் பொருளும் கப்பல்கூலி கொடுத்துத்தான் அங்கே வந்திறங்க வேண்டும். கழிவானால் அதை மறுசுழற்சிக்கு அனுப்பவும் இன்னொரு முறை கடல் தாண்ட வேண்டும்.

பழையது புதியதை மிஞ்சும் என்பதற்கு வலுவான சான்று அண்டை நாடான வங்கதேசத்திலிருந்து கிடைக்கிறது. காலராவை உண்டாக்கும் விப்ரியோ கிருமி, தண்ணீரில் தனியாக மிதப்பதோடு, கோப்பிபாட் எனப்படும் மிக நுண்ணிய ஓட்டுடலிகளின் உடம்பில் பெருங்கூட்டமாக ஒட்டியும் வாழ்கிறது. கிருமி அளவில் மிகச் சிறியது; எந்தத் துணியாலும் அதைத் தடுக்க முடியாது. அது ஏறிவரும் உயிரியைத் தடுக்க முடியும். இந்த எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டு ரீட்டா கோல்வெல், அன்வர் ஹக் ஆகியோரின் குழு மத்லப் பகுதியின் 65 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் மொண்ட வீடுகளில் காலரா 48 சதவீதம் குறைந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, பழைய சேலை புதியதைவிட நன்றாக வடிகட்டியது என்பதே. புதுத் துணியில் நூல்கள் இறுக முறுக்கியிருப்பதால் நூலுக்கும் நூலுக்கும் இடையே தெளிவான கண் விழுகிறது. துவைத்துத் துவைத்து நைந்த துணியில் இழைகள் பிரிந்து, பொங்கி, அந்தக் கண்ணை அடைத்துக்கொள்கின்றன. மடித்த பழஞ்சேலையின் கண் சுமார் 20 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. உடுத்தும் துணியாகப் பார்த்தால் நைவது குறை. வடிகட்டியாகப் பார்த்தால் அதுவே தகுதி. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளமாக வாழும் அந்தமானில் பருத்திச் சேலைக்குப் பஞ்சமில்லை. காலராவும் இந்தத் தீவுகளுக்கு அந்நியமானதல்ல. 2002-இல் நன்கவுரித் தீவுக்கூட்டத்தில் நிக்கோபாரியரிடையே அது பரவியதைப் போர்ட் பிளேயரில் உள்ள மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தினர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாலியெஸ்டர் சேலைக்கு இந்தத் தகுதி வராது. அதன் இழை வழவழப்பாக, நீண்டு, ஒரே சீராக இருப்பதால், எத்தனை முறை துவைத்தாலும் பருத்திபோல் பொங்குவதில்லை. இரண்டும் பழைய சேலைதான், இரண்டும் ஒரே கொடியில் காய்வதுதான். பொருள் வேறு, ஆகவே வேலையும் வேறு.

சேலையில் வடிந்த தண்ணீரிலும் கிருமிகள் மிச்சமிருக்கும். அங்கே காலி குடிநீர் பாட்டிலுக்கு வேலை வருகிறது. இந்த பாட்டில்கள் பெட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்கும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களில் ஏ வகையை இந்த பிளாஸ்டிக் பெருமளவு உள்ளே விடுகிறது. அந்தக் கதிர் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தூண்டி, கிருமியின் மரபுப்பொருளையும் சவ்வையும் சிதைக்கும் வினைமிக்க மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. நீரின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டினால் இந்த அழிவு இன்னும் விரைவாக நடக்கும். பெய்ரூட்டில் அஃப்திம் அக்ரா நடத்திய சோதனைகளை 1984-இல் யுனிசெஃப் வெளியிட்டது. 1990-களில் சுவிட்சர்லாந்தின் எவாக் நீராய்வு நிறுவனம் அவற்றை விரித்தெடுத்து, வீடுகளுக்கு ஏற்ற முறையாக்கியது. நல்ல வெயிலில் ஆறு மணி நேரம், வானம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் தொடர்ந்து இரண்டு நாள், இதுதான் கணக்கு. பாட்டில் இரண்டு லிட்டருக்கு மேற்படக் கூடாது, ஏனெனில் நீரின் ஆழம் கூடக்கூட அடியில் எட்டும் கதிர் குறைகிறது. தண்ணீர் தெளிவாகவும் இருக்க வேண்டும். நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாளின் தலைப்பின் மேல் நிறுத்தி, வாய்வழியே பார்த்தால் எழுத்து படிக்க வருகிறதா என்பதே போதுமான சோதனை. கலங்கலாக இருந்தால் நம் கிராமங்களில் செய்ததுபோல் தேற்றாங்கொட்டையை உரைத்துவிடலாம். முருங்கை விதையை அரைத்துக் கலக்கியும் தெளியவைக்கலாம். முருங்கை விதையில் உள்ள நேர்மின்னூட்டம் கொண்ட புரதங்கள், எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதந்த களிமண் துகள்களைத் திரளச்செய்து அடியில் இறக்கிவிடும். தெளிந்த நீரை மேலாக இறுத்துச் சேலையில் வடித்து, பாட்டிலில் நிரப்பித் தகரக் கூரையில் படுக்கவைத்தால், ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான அந்தமானின் வெயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வானம் மூடிக்கிடக்கும்போது இந்த முறை கைகொடுக்காது. அப்போது கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

பிளாஸ்டிக்கை வெயிலில் வைத்தால் நஞ்சு இறங்காதா என்ற கேள்வி நியாயமானது. பெட் தயாரிப்பில் வினையூக்கியாகச் சேர்க்கும் ஆன்டிமனி மிகச் சிறிய அளவில் நீருக்குள் கசியத்தான் செய்கிறது. வெப்பம் ஏற ஏறக் கசிவும் கூடுகிறது. கூரையில் ஒரு நாள் வெயிலில் எட்டும் வெப்பத்தில் செய்த அளவீடுகளில் அது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குக் கீழேயே இருந்திருக்கிறது. எதிர்த்தட்டில் இருப்பது வயிற்றுப்போக்குக் கிருமி. இரண்டில் எது உடனடி ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. இதைவிடக் கடினமான மறுப்பு பொலிவியாவிலிருந்து வருகிறது. 2009-இல் வெளியான ஒரு கள ஆய்வில், இந்த முறையைக் கற்றுக்கொடுத்த கிராமங்களில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மூன்றில் ஒரு பங்கு வீடுகளே முறையைச் சரிவரக் கடைப்பிடித்தன. ஆய்வுக்கூடத்தில் கிருமியைக் கொன்ற கதிர் பொலிவியாவில் கொல்ல மறுக்கவில்லை. பாட்டிலைத் தினமும் கூரையில் ஏற்றும் பழக்கம் மட்டும் வேர்விடவில்லை. ஆகவே வீட்டு முயற்சி எதுவானாலும், பொருளின் குணத்தோடு அதைத் தினமும் செய்யும் கையையும் கணக்கில் எடுக்க வேண்டும். சேலை இந்தச் சோதனையில் தேறியது. மத்லப் ஆய்வு முடிந்து ஐந்தாண்டுகளுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோதும், யாரும் வற்புறுத்தாத நிலையில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பெண்கள் தண்ணீரை வடிகட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எப்படியும் தண்ணீர் மொள்ளத்தான் போகிறார்கள், அதோடு ஒரு துணி. கூடுதல் வேலை எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குப் பழக்கம் நிற்கும்.

மழைநீருக்கு வருவோம். தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது, சென்னையின் மழையைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஆனாலும் கோடையில் போர்ட் பிளேயரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற நகரில், குழாய்த் தண்ணீர் முறைவைத்துத்தான் வருகிறது. நகருக்கு நீர் தரும் தனிக்காரி அணையின் கொள்ளளவுக்கு எல்லை உண்டு. நிலம் குறுகியது, மலைச்சரிவு செங்குத்தானது, ஓடைகள் குட்டையானவை. பெய்ததெல்லாம் தங்காமல் கடலுக்கு ஓடிவிடுகிறது. நிக்கோபாரின் ஷோம்பென் மக்கள் பிளந்த மூங்கில்களைச் சரிவாகப் பதித்து மழைநீரைக் குழிகளில் சேர்த்ததும், நிக்கோபாரியர் முழுச் சிரட்டைகளை இணைத்துத் தண்ணீர்க் குடங்களாக்கியதும் இந்த நிலவியல் கற்றுக்கொடுத்த பாடங்கள். இன்று தகரக் கூரை மூங்கிலின் இடத்துக்கு வந்திருக்கிறது. 30 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால், சிந்தியது தெறித்தது போக 240 லிட்டர் கிடைக்கும். ஒரு பெரிய நீல டிரம் நிரம்பிவிடும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டும் நாளொன்றுக்கு 20 லிட்டர் எடுக்கும் வீட்டுக்கு அந்த 240 லிட்டர் பன்னிரண்டு நாள் வரும். பறவை எச்சமும் தூசியும் முதல் ஒரு மில்லிமீட்டர் மழையோடு கழுவி வந்துவிடும் என்பதால், முதல் 30 லிட்டரைப் பழைய கேன்களில் தனியே பிடித்துத் துணி துவைக்க வைத்துக்கொண்டால் போதும்.

குணத்தைப் பாராமல் பொருளை எடுத்தால் என்ன நேரும் என்பதற்கும் அந்த நீல டிரம்மே உதாரணம். அது அடர்பாலித்தீன், வெயிலையும் அடியையும் தாங்கும், துருப்பிடிக்காது. ஆனால் அதன் மூலக்கூறுகள் எண்ணெய்த்தன்மை கொண்டவை. பூச்சிமருந்தோ பெயின்ட் கரைப்பானோ அதில் இருந்திருந்தால், அவை பிளாஸ்டிக்கின் உடலுக்குள்ளேயே ஊறிப்போகும். சோப்புப் போட்டு எத்தனை முறை தேய்த்தாலும் மேற்பரப்பு மட்டுமே சுத்தமாகும். ஊறியது மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் திரும்பி வரும். ஆகவே பழைய டிரம் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன், அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். பதில் தெரியாவிட்டால் அது செடிக்கும் ஆகாது, குடிக்கவும் ஆகாது. இன்னொரு ஆபத்து கொசு. 2006-இல் சிக்குன்குனியா அந்தமானைத் தாக்கியது. அதையும் டெங்குவையும் பரப்பும் ஏடிஸ் கொசு டிரம், டயர், சிரட்டை எதையும் விட்டுவைப்பதில்லை. அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும், அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் சாகாது. எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாயைக் கிழியாத பழைய கொசுவலையால் இறுகக் கட்டி வைத்தால் முட்டையிடவே இடமிராது. ஓட்டை விழுந்த வலை படுக்கைக்கு உதவாது. ஆனால் அதில் ஓட்டையில்லாத ஒரு சதுர மீட்டர் டிரம்முக்குப் போதும்.

இணையக் காணொளிகளில் பேர்போன இரண்டு வீட்டுச் செயல்முறைகளை இதே அளவுகோலால் அளக்கலாம். முதலாவது, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரு மண்சட்டிகளுக்கு இடையே ஈரமணல் இட்டுச் செய்யும் மின்சாரமில்லாக் குளிர்சாதனம். 1990-களில் வட நைஜீரியாவில் முகமது பா அபா இதைப் பரப்பியபோது காய்கறி பல நாள் கூடுதலாகத் தாங்கியது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது என்ற எளிய இயற்பியல்தான் அதன் உயிர். ஆனால் சட்டி எவ்வளவு குளிரும் என்பதைக் காற்றின் ஈரப்பதமே முடிவு செய்கிறது. 35 டிகிரி வெப்பமும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள வறண்ட காற்றில் அது சுமார் 18 டிகிரி வரை இறங்கக்கூடும். 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள தீவுக் காற்றில் 27 டிகிரிக்குக் கீழே போகவே முடியாது. மதுரைக் கோடையில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும், கடலோரத்தில் அவ்வளவாகக் குளிராததும் இதனால்தான். இரண்டாவது, பள்ளிக் கண்காட்சிகளில் தவறாமல் இடம்பெறும் பாட்டில் வடிகட்டி: கூழாங்கல், மணல், அடுப்புக்கரி. மணல் கலங்கலை நீக்கும். கரியைப் பற்றித்தான் மிகையான நம்பிக்கை. நல்ல கரிக்குத் தேங்காய்ச் சிரட்டை ஏற்றது, அதற்கு அடர்த்தி அதிகம். அதைக் கரியாக்கி, 800 டிகிரிக்கு மேல் நீராவியில் பதப்படுத்தினால் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்துளைகள் திறந்து, மணத்தையும் நஞ்சையும் பிடித்து வைக்கும் பரப்பு கிடைக்கும். முதல் உலகப்போரில் நச்சுப்புகை முகமூடிகளுக்குச் சிரட்டைக்கரி தேடப்பட்டது. அது போதாமல் 1918-இல் அமெரிக்கக் குடும்பங்களிடம் பீச் பழக்கொட்டைகளைத் திரட்டினார்கள், ஒரு முகமூடிக்கு ஏழு பவுண்டு என்ற கணக்கில். வீட்டு அடுப்பு அந்தப் பதத்தைத் தராது. அடுப்புக்கரி வாடையைச் சற்றுக் குறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. நாள்பட ஈரமாகவே கிடந்தால் அதுவே கிருமி வளரும் இடமாகும். குழந்தைகள் அந்த வடிகட்டியைச் செய்து பார்க்கட்டும். தெளிந்த நீருக்கும் குடிக்கத்தக்க நீருக்கும் உள்ள வேறுபாட்டையும் அப்போதே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டு ஒருவர் கோபப்படலாம். சுத்தமான குடிநீர் தருவது அரசின் கடமை. மக்களைப் பழஞ்சேலையிலும் காலி பாட்டிலிலும் அண்டிப் பிழைக்கச் சொல்வது வறுமைக்குப் பொட்டு வைப்பது ஆகாதா? கோபத்தின் அடிப்படை சரியானது. எந்தச் சேலையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீருக்கு மாற்று ஆகாது; 48 சதவீதம் குறைந்தது என்றால் 52 சதவீதம் மிச்சமிருந்தது என்றும் பொருள். ஆனால் குழாய் வரும்வரை என்ன குடிப்பது என்ற கேள்வி நாளை காலையே வந்து நிற்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிணறுகளில் உப்புநீர் ஏறிய நாட்களில் அது தீவுகளின் வாசலில் நின்றது. அப்படிப்பட்ட வாரங்களில் இயற்பியல் தெரிந்த குடும்பம் ஓரளவு தற்காத்துக்கொள்ளும். தவிரவும் எந்த அளவு நீர் போதும், எது குடிக்கத்தக்கது என்று தானே அளந்து பார்க்கத் தெரிந்தவர்கள், குழாயில் வருவதைப் பற்றியும் கூர்மையான கேள்வி கேட்பார்கள்.

மறுபயன்பாடு குப்பையைத் தள்ளிப்போடுகிறதே ஒழிய ஒழிப்பதில்லை என்ற வாதமும் உண்மையே. கிரேட் நிக்கோபார் கடற்கரைகளில் ஒதுங்கிய பிளாஸ்டிக் பாட்டில்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவை மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து முதலிய பிற நாடுகளிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. எந்த வீட்டின் சிக்கனமும் அந்தக் கடலைச் சுத்தம் செய்துவிடாது. அதேசமயம் தள்ளிப்போடுவதைச் சிறுமையாக எண்ண வேண்டியதில்லை. கப்பலில் வரவேண்டிய ஒரு டிரம்மோ ஒரு வடிகட்டியோ வராமல் போனால் அதன் தயாரிப்பும் எரிபொருளும் திரும்பக் கழிவாகப் போகும் பாரமும் சேர்ந்தே குறைகின்றன. அந்தப் பலன், பழைய பொருள் வேலையை உண்மையில் செய்யும்போது மட்டும்தான் கிடைக்கும். அலங்காரத்துக்காக பாட்டிலில் பெயின்ட் பூசி, பசை ஒட்டி, ஜிகினா தூவினால், தூய பெட்டாக மறுசுழற்சிக்குப் போயிருக்கக்கூடிய பொருளை எதற்கும் உதவாத கலவையாக்கிவிடுகிறோம். குப்பையைத் தள்ளிப்போட்டதுகூட அல்ல அது, கூட்டியதே.

ஆகவே விடுமுறை நாளில் குழந்தைகளோடு உட்காரும் பெற்றோருக்கு ஒரு செய்முறைப் பட்டியலைவிடக் கேட்கத் தெரிந்த மூன்று கேள்விகள் நீண்ட நாள் உதவும். இது எதனால் ஆனது? இதில் முன்பு என்ன இருந்தது? இதன் எந்தக் குணம் தேய்ந்தது, எது தேயவில்லை? சேலையின் கிழிசலையும் பாட்டிலின் அடியில் உள்ள எண்ணையும் டிரம்மின் வாடையையும் இந்தக் கேள்விகளோடு பார்க்கும் பிள்ளைக்கு வேதியியல் பாடப்புத்தகத்துக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. எப்போது நிறுத்துவது என்பதையும் அதே கேள்விகள் சொல்லிவிடும். ஓராண்டு கூரையில் கிடந்து சிராய்த்து மங்கிய பாட்டில் கதிரை உள்ளே விடாது, ஆகவே தண்ணீருக்கு அதன் வேலை முடிந்தது. ஆனால் அது இன்னும் பெட்தான், பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடம் சேர்த்துவிடலாம். பூச்சிமருந்து ஊறிய டிரம்முக்கு எந்த வேலையும் மிச்சமில்லை, இனாமாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் வரக் கூடாது. எதை வைத்துக்கொள்வது என்பதோடு எதை விட்டுவிடுவது என்பதும் தெரிந்தால்தான் சிக்கனம் கணக்கில் தேறும்.